அவுகளுக்கு அல்சர்தான்

கிளட்சை மெதுவா விடுங்க தங்கச்சி. இன்னும் மெதுவா. ம், அம்புட்டுத்தான். வண்டி நின்னுபோனா நிக்கட்டும், பின்னாடி வர்றவன் ஆரன் அடிச்சா அடிக்கட்டும். மேல எல் போர்டு மாட்டியிருக்கோம்ல, அதைப் பாத்துட்டு அவனே ஒதுங்கிப் போயிருவான். நீங்க ரோட்டைப் பாருங்க. என்னைப் பாக்காதீங்க.

மொதல்ல கண்ணைத் தொடைச்சுக்கங்க. கண்ணாடியில மழை பேஞ்சா வைப்பர் இருக்கு, கண்ணுல பேஞ்சா என்ன இருக்கு. ரெண்டு நாளா கிளாசுக்கு ஆளைக் காணோமே, காய்ச்சலோ என்னமோன்னு நெனச்சேன். அம்மாவுக்கு அந்த நோயின்னு இப்பத்தான சொல்றீங்க. சரி, அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா? இல்லையில்ல? நல்ல வேளை. சொல்லாதீங்க. டாக்டருங்க சொல்லத்தான் சொல்லுவாங்க, அவங்க படிச்சவங்க, அப்படித்தான் சொல்லுவாங்க. நீங்க நான் சொல்றதைக் கேளுங்க. செகண்ட் கியர் போடுங்க. பந்தல்குடி ரோட்டுல நேரா போவோம், சொல்றேன்.

எங்க வீட்டுக்காரரைப் பாத்திருக்கீங்கள்ல, சௌந்திரபாண்டி. ஆபீஸ்ல உக்காந்து உங்க எல்எல்ஆருக்கு எழுதிக் கொடுத்தாகளே, அவுகதான். அவுகளுக்கும் இதேதான் வந்துச்சு. குடல்ல. கொரோனா வந்துச்சே, அந்த வருசம். பாத்தாத் தெரியுதா? தெரியாது. ஏன்னா அவுகளுக்கே தெரியாது. இன்னிக்கு வரைக்கும் தனக்கு வந்தது அல்சர்னுதான் நெனச்சுக்கிட்டு இருக்காக. நீங்களும் ஆபீஸ்ல வாய் தவறி எதையும் கேட்டுறாதீங்க.

அந்தப் பொங்கல் முடிஞ்ச சமயம். வயித்து வலி, வெளிக்கிப் போனா ரத்தம். மதுரையில ஒரு பெரிய ஆஸ்பத்திரியில டியூப் விட்டுப் பாத்தாங்க. டாக்டரம்மா என்னைய மட்டும் தனியாக் கூப்பிட்டு, கான்சர், மூணாவது ஸ்டேஜ், ஆபரேசன் பண்ணி மருந்து ஏத்துனா பொழைக்க வாய்ப்பு இருக்குன்னாங்க. எனக்குக் காது அடைச்சுப்போச்சு. ஆனாலும் நான் மொத வார்த்தையா என்ன கேட்டேன் தெரியுமா. அவுககிட்ட சொல்லிட்டீங்களான்னுதான் கேட்டேன். இன்னும் இல்லன்னாங்க. சொல்லவே கூடாதுன்னு கையைப் பிடிச்சுக்கிட்டேன்.

"அது அவரோட உடம்பும்மா. அவருக்குத் தெரியணும்"னாங்க.

"உடம்பு அவுகளோடதுதான் டாக்டர். பாத்துக்கிறது நானு"ன்னேன்.

பயந்த சுபாவம் தங்கச்சி. முப்பது வருசமா இப்ப நான் உக்காந்திருக்கேனே இந்த எடது பக்கத்து சீட்டு, இதுல உக்காந்து, ஓட்டத் தெரியாத சனம் அத்தனை பேர் கையிலயும் உசிரைக் கொடுத்துட்டுத் தேமேன்னு இருந்த மனுசன்தான். லாரிக்கு நேரா விட்டவன், கிணத்துக்கு நேரா விட்டவன், எல்லாரையும் பாத்தாச்சு. ஆனா நோயின்னா பயந்துருவாகன்னு எனக்குத் தெரியும். எப்படித் தெரியும்னா, எனக்குப் பயமா இருந்துச்சுல்ல. எனக்கே அப்படின்னா அவுகளுக்கு எப்படி இருக்கும்.

அதனால அல்சர்னு சொன்னேன். குடல்ல புண்ணு, வெட்டி எடுத்துட்டா சரியாப் போயிரும்னேன். "அப்படியா"ன்னாக. அவ்வளவுதான். வேற ஒண்ணும் கேக்கலை. ஆபரேசன் ஆச்சு. அது ஆறினதும் மூணு வாரத்துக்கு ஒரு தடவை மதுரைக்குப் போயி மருந்து ஏத்திக்கிட்டு வரணும்னாங்க. அதை நான் சத்து மருந்துன்னு சொல்லி வச்சேன். மொத மருந்தை ஏத்திட்டு வீட்டுக்கு வந்தோம். அந்த வாரத்துலதான் ஊரை அடைச்சாங்க.

இப்ப ரெண்டாவது மருந்துக்குப் போகணும். போன் பண்ணிக் கேட்டா, பெரிய ஆஸ்பத்திரி மொத்தத்தையும் கொரோனாவுக்கு எடுத்துக்கிட்டாங்களாம். எங்களை மாதிரி மருந்து ஏத்துறவங்களை எல்லாம் ஊருக்கு வெளிய இன்னொரு கட்டடத்துக்கு வரச் சொன்னாங்க. அதே டாக்டரம்மாதான், கட்டடம்தான் வேற. அப்பவெல்லாம் அவுகதான் வண்டி ஓட்டினாக. அங்க போயி எறங்கிப் பாக்கேன், வாசல்ல ஆள் உசரத்துக்கு எழுதிப் போட்டிருக்கான், புற்றுநோய் மருத்துவமனைன்னு. அவுக எறங்கி அதை அண்ணாந்து பாத்தாக.

"ஏங்க, கொரோனாவால எடமில்லையாம். அல்சர்காரங்களை எல்லாம் தற்காலிகமா இங்க மாத்தியிருக்காங்களாம்"னேன்.

போர்டை இன்னொரு தடவை படிச்சாக. "அப்ப இங்க இருந்த கான்சர்காரங்களை எங்க மாத்தினாங்களாம்?"னாக.

அதை நான் யோசிக்கலை பாருங்க. "அவங்களைக் கண்ணாஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்களாம்"னேன்.

"நல்ல ஏற்பாடுதான்"னு சொல்லிட்டு உள்ள போனாக.

மாட்டைப் பாத்து. மாட்டைப் பாத்து தங்கச்சி. அது நகராது, நீங்கதான் ஒதுங்கணும். ம்.

உள்ள போனாகன்னு சொன்னேன்ல, தனியாத்தான் போனாக. கூட வர்ற ஆளுக யாரும் உள்ள வரக் கூடாதுன்னுட்டான் செக்யூரிட்டி. கொரோனா ரூல். நான் வெளிய வேப்ப மரத்தடியில நிக்கிறேன். உள்ள யாரு என்னத்தைச் சொல்லிருவாங்களோன்னு நர்சுக்குப் போன் போட்டேன். டாக்டரம்மா அவர்கூடப் பேசிக்கிட்டு இருக்காங்க, ரொம்ப நேரமாப் பேசுறாங்கன்னு சொன்னா. போச்சுடான்னு மரத்தடியில உக்காந்துட்டேன்.

மருந்து ஏறி முடிஞ்சு சாயங்காலமா வெளிய வந்தாக. கண்ணு செவந்து இருந்துச்சு. மருந்தோட சூடு.

"டாக்டரம்மா என்னங்க சொன்னாங்க?"ன்னேன்.

கொஞ்ச நேரம் என்னையே பாத்தாக. பெறகு, "அல்சரைப் பத்தி வெவரமாச் சொன்னாங்க"ன்னாக.

"என்ன வெவரம்?"

"பயப்படக் கூடாதுன்னாங்க. வீட்டுல இருக்கவங்களையும் பயமுறுத்தாமப் பாத்துக்கணும்னாங்க."

எனக்கு உசிர் வந்துச்சு. டாக்டரம்மா வாக்கைக் காப்பாத்திட்டாங்க. "உள்ள மத்தவங்க எல்லாம் யாரு?"ன்னு கேட்டேன்.

"எல்லாரும் அல்சர்தான் கனி. ஒருத்தருக்குத் தொண்டையில அல்சர். ஒரு அம்மாவுக்கு மார்ல அல்சர்"னாக.

மார்ல அல்சர் வருமான்னு எனக்கே ஒரு மாதிரியா இருந்துச்சு. ஆனா அவுக நம்பிட்டாக பாருங்க, அது போதும்.

அந்த மருந்துக்கு ஒரு குணம் உண்டு. சில்லுனு எதையும் தொட முடியாது, ஊசி குத்துற மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜைத் தொட்டவுக வெடுக்குனு கையை இழுத்துக்கிட்டாக. நான் என்ன சொல்றது. "ஃபிரிட்ஜ்ல எர்த் அடிக்குதுங்க"ன்னேன். "ஆமா, எர்த்துதான்"னாக. பெறகு சில்வர் டம்ளரைத் தொட்டா அதுலயும் எர்த் அடிக்குது. குழாயைத் திறந்தா தண்ணியிலயும் எர்த் அடிக்குது. ஊரடங்குல எலக்ட்ரீசியன் எவன் வருவான், அது ஒரு வசதி. மருந்து முடியிற வரைக்கும் அவுக ரப்பர் செருப்பு மாட்டிக்கிட்டு, கையில துண்டைச் சுத்திக்கிட்டுத்தான் ஃபிரிட்ஜைத் திறந்தாக. அவுகளுக்குச் சந்தேகம் வந்துறக் கூடாதுன்னு நானும் செருப்பு மாட்டிக்கிட்டுத்தான் திறந்தேன். எங்க மக அமுதா மஸ்கட்ல இருந்து வீடியோவுல பாத்துட்டு, ஏம்மா அடுப்படியில செருப்போட நிக்கிறன்னு கேட்டா. உங்கப்பாவுக்காகன்னேன்.

ஸ்டியரிங்கும் சில்லுனு இருக்கும்ல காலையில. அதைப் பிடிக்க முடியலை. மூணாவது மருந்துக்கு யாரு வண்டி ஓட்டுறது. எங்க டிரைவர் செல்லத்துரை சாயல்குடிப் பக்கம் ஊருக்குப் போயி மாட்டிக்கிட்டான். டாக்சிக்காரங்களைக் கூப்பிட்டா, என்ன நோயின்னு கேக்கிறான். அல்சர்னா, அல்சருக்கா இந்த நேரத்துல மதுரை, வீட்டுல மோரைக் குடிங்கன்னு போனை வச்சிர்றான். உண்மையைச் சொல்லலாம்னா அவுக பக்கத்துலயே உக்காந்திருக்காக. ஆம்புலன்ஸ் எல்லாம் கொரோனாவுக்கு ஓடுது. தள்ளிப்போட்டா மருந்து பலிக்காதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

"நீ ஓட்டு கனி. நான் சொல்லித்தர்றேன்"னாக.

எனக்கு அப்ப ஓட்டத் தெரியாது தங்கச்சி. சிரிக்காதீங்க. டிரைவிங் ஸ்கூல்காரர் பொண்டாட்டி, இந்த ஊருல பாதிப் பொம்பளைங்க அவுககிட்ட படிச்சவங்க, எனக்கு மட்டும் தெரியாது. கல்யாணம் ஆன புதுசுல ஒருக்காக் கேட்டேன், உனக்குப் பொறுமை பத்தாதுன்னுட்டாக. அதோட விட்டேன்.

"எங்க போயிப் பழகுறது. வெளிய தலையைக் காட்டினா லத்தியால சாத்துறான்"னேன்.

"மதுரைக்குப் போற வழியிலயே பழகிக்கோ. நாலு வழிச் சாலை காலியாக் கெடக்கு. இப்படி ஒரு ரோடு இனிமே ஒருத்தருக்கும் கிடைக்காது"ன்னாக.

வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடந்தா மனுசனுக்கு என்னென்னமோ தோணும்ல, அப்படித்தான்னு நெனச்சேன். லைசன்சு கெடையாது, எல்எல்ஆர் கெடையாது, ஆர்டிஓ ஆபீசே பூட்டிக் கெடக்கு. இதே வண்டிதான். இந்த சீட்டுல அவுக, அந்த சீட்டுல நான். இந்தா என் காலுக்குக் கீழயும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கு பாருங்க. "பயப்படாத. என் காலு பிரேக் மேலதான் இருக்கு. நீ தப்புப் பண்ணா நான் நிறுத்திருவேன்"னாக. அந்த ஒரு சொல்லை நம்பி எடுத்தேன்.

காரியாபட்டி தாண்டுற வரைக்கும் செகண்ட் கியர்தான். வழியில ஒரு பன்னி எங்களை முந்திக்கிட்டுப் போச்சு. அவுக ஒரு வார்த்தை திட்டலை. ஏசி போடக் கூடாது, சில்லுனு ஆகிரும். சித்திரை வெயில்ல ரெண்டு பேரும் மாஸ்க்கைப் போட்டுக்கிட்டு வேர்த்து வழிய, அவுக பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே வர்றாக. கண்ணாடியைப் பாரு, கியரைப் பாரு. அதோட விட்டாகளா. டயர் மாத்துறது எப்படி, ஆயில் எப்ப மாத்தணும், ஆர்டிஓ ஆபீஸ்ல எந்த ஆளைப் பாத்தா வேலை நடக்கும், ஸ்கூல் லைசன்சை எப்பப் புதுப்பிக்கணும். வாய் ஓயலை. "இதெல்லாம் எனக்கெதுக்குங்க, நீங்கதான் இருக்கீங்களே"ன்னா, "சும்மாத் தெரிஞ்சு வச்சுக்கோ"ன்னாக. பொழுது போகணும்ல பாவம்.

மாவட்ட எல்லையில செக்போஸ்ட். பேரிகார்டைப் போட்டு, ஒரு எஸ்.ஐ. நிக்கிறார். எங்க வண்டியைப் பாத்ததும் அவருக்கு வந்துச்சு பாருங்க கோவம். மேல எல் போர்டு, கதவுல அமுதா டிரைவிங் ஸ்கூல்னு பேரு, பொம்பளைகளுக்குத் தனி வகுப்பு உண்டுன்னு விளம்பரம்.

"நாடே அடங்கிக் கெடக்கு, உங்களுக்கு டிரைவிங் கிளாஸ் கேக்குதா"ன்னார்.

நான் எறங்கினேன். ஆஸ்பத்திரி கொடுத்த கடுதாசி என்கிட்டதான் இருக்கு, அதுல அந்த வார்த்தை இருக்கு. அவுக கண்ணுல படாம அவர்கிட்ட போயிக் காதோட காதா சொல்லிறலாம்னு நடந்தேன். அவர் ரெண்டு எட்டுப் பின்னாடி போறார். "கிட்ட வராதீங்கம்மா. ஆறடி. அங்க நின்னே சொல்லுங்க"ன்றார். ஆறடி தள்ளி நின்னு எப்படி ரகசியம் சொல்றது. மாஸ்க் வேற. நான் முணுமுணுத்தா அவருக்குக் கேக்கலை, சத்தமாச் சொன்னா வண்டிக்குள்ள கேக்கும். கையால வயித்தைக் காட்டினேன். வண்டியைக் காட்டினேன். வெட்டி எடுத்தாச்சுன்னு கத்தி மாதிரிக் காட்டினேன். "என்னம்மா, மாசமா இருக்கீங்களா?"ன்னார். எனக்கு அப்பவே அம்பத்து மூணு வயசு தங்கச்சி. கூட நின்ன கான்ஸ்டபிள், ஏதோ வெட்டுக்குத்து கேஸு போல சார்ன்றான்.

அப்பத்தான் அவுக கண்ணாடியை எறக்கித் தலையை வெளிய நீட்டினாக. "சார், எனக்குக் கான்சர். மருந்து ஏத்தப் போறோம். வண்டி ஓட்ட ஆள் கிடைக்கலை, அதான் என் வீட்டம்மா ஓட்டுது"ன்னாக.

கணீர்னு. அம்புட்டுப் பேருக்கும் கேக்கிற மாதிரி. எஸ்.ஐ. தொப்பியைக் கழட்டினார், மறுபடி போட்டுக்கிட்டார், தானே பேரிகார்டை இழுத்து வழி விட்டார். "பாத்துப் போயிட்டு வாங்கய்யா"ன்னார்.

வண்டியை எடுத்துக்கிட்டு கொஞ்ச தூரம் வந்ததும் பிடிபிடின்னு பிடிச்சேன். "ஏங்க, அந்த வார்த்தையைப் போயி வாயால சொல்லலாமா"ன்னேன்.

"சும்மா ஒரு பொய் சொன்னேன் கனி. அல்சர்னு சொன்னா விடுவானா"ன்னாக.

பொய்யே பேசத் தெரியாத மனுசன்னு இத்தனை வருசமா நெனச்சுக்கிட்டு இருந்தேன். சாமர்த்தியத்தைப் பாருங்க. ஒரு தடுமாத்தம் இல்லை, முகத்துல ஒரு மாத்தம் இல்லை. அதுலருந்து ஒவ்வொரு தடவையும் செக்போஸ்ட்ல அந்தப் பொய்யைத்தான் சொல்லுவாக. எனக்கும் பழகிப்போச்சு. ஒருக்கா ஒரு புது போலீஸ்காரர் நம்பாத மாதிரிப் பாக்கிறார். நான்தான் மெதுவா, "ஸ்டேஜு சொல்லுங்க, ரெண்டாவதுன்னு சொல்லுங்க"ன்னு எடுத்துக் கொடுத்தேன். அவுக, "மூணாவது ஸ்டேஜ் சார்"னாக. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எத்தனையோ நம்பர் இருக்க, எப்படித்தான் அது வாயில வந்துச்சோ.

இந்த வளைவுல பிரேக்கை மெதுவா அழுத்துங்க. குத்தக் கூடாது. சரி.

டாக்டரம்மாகிட்ட போன்ல பேசணுமே, அதுக்கு என்ன பண்ணேன் தெரியுமா. அடுப்படிக்குள்ள போயி மிக்ஸியைப் போட்டுட்டுப் பேசுவேன். அந்தச் சத்தத்துல ஹாலுக்கு ஒண்ணும் கேக்காதுல்ல. "என்னத்தை அரைக்கிற?"ன்னு கேப்பாக. சட்னின்னுவேன். சொன்னதுக்காகச் சட்னி அரைச்சாகணும். டாக்டரம்மாகிட்ட கேக்க வேண்டிய சந்தேகம் நெறைய இருக்கிற வாரத்துல ஃபிரிட்ஜ் முழுக்கச் சட்னியா நிக்கும். அவுகளும் சளைக்காம மூணு வேளையும் சட்னி தொட்டுச் சாப்பிட்டாக.

பாதி மருந்து முடிஞ்ச சமயத்துல அடுத்த கஷ்டம். மருந்து ஏத்துறதுக்கு முந்தி கொரோனா டெஸ்ட் எடுக்கணும். அவுகளுக்கு இருக்குன்னு வந்துருச்சு. நகராட்சி ஆளுக வந்து வாசல்ல தகரத்தை அடிச்சுட்டுப் போயிட்டாங்க. மருந்தைத் தள்ளிப்போட்டாச்சு. டாக்டரம்மா மிக்ஸி சத்தத்துக்கு நடுவுல கத்திச் சொல்றாங்க, இந்த உடம்புக்குக் கொரோனா ஆகாதும்மா, மூச்சு வாங்கினா உடனே தூக்கிட்டு வந்துருங்கன்னு. அன்னிக்கு நான் சட்னி அரைக்கலை. வெறும் ஜாரை ஓடவிட்டுட்டு அடுப்படித் தரையில உக்காந்திருந்தேன்.

அவுகளைப் பின்கட்டு ரூம்ல போட்டாச்சு. சாப்பாட்டைக் கதவுகிட்ட வச்சுட்டு நான் தள்ளி நிப்பேன். ஒரு நாள் ரெண்டு வாய்கூட எறங்கலை அவுகளுக்கு. தட்டைத் தள்ளி வச்சுட்டு, "கனி, எனக்கு ஏதாவது ஆனா வண்டியை மட்டும் வித்துறாத. நீ நல்லா ஓட்டுற"ன்னாக.

"அல்சர்காரங்க இப்படியெல்லாம் பேசக் கூடாது"ன்னேன்.

"ஆமா, அல்சர்தான்"னு சொல்லிட்டுத் தட்டை இழுத்து வச்சு முழுசாச் சாப்பிட்டாக. நான் அந்தப் பக்கம் முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு நிக்கிறேன். சும்மா அல்சர்னு ஒரு வார்த்தை, எம்புட்டுத் தெம்பு கொடுக்குது பாத்தீங்களா.

கடவுள் புண்ணியம், காய்ச்சல்கூடப் பெருசா வரலை. தகரத்தைப் பிரிச்சாங்க. மறுபடி மதுரை, மறுபடி மருந்து. அதுக்குள்ள நான் டாப் கியர்ல ஓட்ட ஆரம்பிச்சுட்டேன். ஒரு நாள் திரும்பி வர்றப்ப, பாலம் எறங்கினதும் ஒரு செம்மறியாட்டுக் கூட்டம். ரோடு முழுக்க ஆடு. நான் என்ன செஞ்சேன்னே எனக்குத் தெரியாது. வண்டி கிரீச்சுனு போயி, ஒரு குட்டியோட மூக்குக்கு முன்னாடி நின்னுச்சு. பக்கத்துல பாத்தா அவுக அசையாம இருக்காக, வேர்த்துக் கொட்டுது.

"நல்ல வேளை, நீங்க மிதிச்சீங்க"ன்னேன்.

"ம்"னாக.

அதுக்கப்புறம் எனக்கு இன்னும் தைரியம். நாம என்ன பண்ணாலும் அவுக காலு இருக்குன்னு. அறுபது எழுபதுல போவேன். வளைவுல ஒடிப்பேன். ஒருக்கா ஒரு தண்ணி லாரியை எடது பக்கமா முந்தினேன், அவுக கண்ணை மூடிக்கிட்டாக. தூக்கம்னு நெனச்சேன்.

ஆவணி கடைசியில எல்லா மருந்தும் முடிஞ்சுது. அன்னிக்குத்தான் என்னையும் உள்ள விட்டாங்க. டாக்டரம்மா எல்லாத்தையும் பாத்துட்டு, "காலு எப்படி இருக்கு சார், இப்பவாவது உணர்ச்சி தெரியுதா?"ன்னு அவுககிட்ட கேக்கிறாங்க.

"காலுக்கு என்ன?"ன்னேன்.

"உங்ககிட்ட சொல்லலையா? பாதி மருந்துலயே ரெண்டு பாதமும் மரத்துப்போச்சும்மா. தரையில காலை வச்சாத் தெரியலை, செருப்பு கழண்டாத் தெரியலைன்னு மாசக்கணக்காச் சொல்லிக்கிட்டு இருக்காரே. இந்த மருந்துக்கு அப்படி வரும்"னாங்க.

நான் அவுகளைப் பாத்தேன். அவுக சுவத்துல ஒட்டியிருந்த கை கழுவுற படத்தைப் பாத்தாக.

எனக்குப் புரிய ஒரு நிமிசம் ஆச்சு தங்கச்சி. அப்ப அந்த பிரேக்கு? "என் காலு பிரேக் மேலதான் இருக்கு"ன்னாகளே. பாதிக்கு மேல அந்தக் காலு எங்க இருக்குன்னே அவுகளுக்குத் தெரியாது. அந்த ஆட்டுக்குட்டியை நிறுத்தினது நான். தண்ணி லாரியைத் தாண்டினப்ப இந்தப் பக்கம் நிறுத்த ஆளே இல்லை. அத்தனை தடவையும் நான் ஒத்தையாத்தான் ஓட்டியிருக்கேன், பக்கத்துல ஒரு மனுசன் செவனேன்னு உசிரைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காக.

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்லை. ஆஸ்பத்திரின்னும் பாக்கலை. "கட்டின பொண்டாட்டிகிட்ட ஒரு நோயை மறைப்பீங்களா? தெரிஞ்சா நான் தாங்க மாட்டேனா? எனக்கு அந்த மனசு இல்லையா? பக்கத்துலயே இருக்கேன், ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? நல்லதுக்குன்னு நெனச்சு மறைச்சாலும் அது துரோகமில்லையா?"ன்னு கேட்டேன். டாக்டரம்மா பேனாவைக் கீழ போட்டுட்டுக் குனிஞ்சு தேடுறாங்க, எந்திரிக்கவே இல்லை.

"பயந்துருவன்னு சொல்லலை கனி"ன்னாக.

"பயப்படுறதா இல்லையான்னு நானில்ல முடிவு பண்ணணும்"னேன்.

"தப்புத்தான்"னாக. "ஒருத்தர்கிட்ட அப்படி மறைக்கக் கூடாதுதான்."

தப்புன்னு ஒத்துக்கிட்டாகள்ல, அது ஒண்ணுதான் ஆறுதல். ஆனாலும் அன்னிக்குப் பின் சீட்டுல உக்கார வச்சுத்தான் கூட்டிட்டு வந்தேன். ஒரு வாரம் பேச்சு வார்த்தை கெடையாது. சட்னியும் கெடையாது.

காலு முழுசா சரியாகலை. இன்னும் செருப்பு எங்கயாவது கழண்டு கெடக்கும், அவுக நடந்து போயிருப்பாக. அதனாலதான் இந்த சீட்டுக்கு நான் வந்தேன். ஆர்டிஓ ஆபீஸ் திறந்ததும் மொத ஆளாப் போயி லைசன்சு எடுத்தேன், பெறகு மத்த பேப்பரெல்லாம். யாரைப் பாக்கணும், என்ன கேக்கணும்னு எல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருந்துச்சு. அவுக ஆபீசைப் பாத்துக்கிறாக.

போன மாசம் கடைசி செக்கப். அஞ்சு வருசம் முடிஞ்சுபோச்சு. டாக்டரம்மா ஸ்கேனைப் பாத்தாங்க. என்னைய ஒரு பார்வை பாத்தாங்க, அவுகளை ஒரு பார்வை பாத்தாங்க. "உங்க அல்சர் முழுசாப் போயிருச்சு சார். இனிமே நீங்க இங்க வர வேண்டியதில்லை"ன்னாங்க. தங்கமான பொம்பளை.

அவுக எந்திரிச்சுக் கையெடுத்துக் கும்பிட்டாக. வெளிய வந்தோம், நான் வண்டியை எடுத்தேன். ரிங் ரோடு தாண்டி வந்துக்கிட்டு இருக்கோம். திரும்பிப் பாத்தா அழுறாக. சாதாரண அழுகை இல்லை தங்கச்சி. துண்டை வாயில வச்சுப் பொத்தியிருக்காக, தோளு ரெண்டும் குலுங்குது. ஓரங்கட்டி நிறுத்தினேன். "என்னங்க"ன்னேன். என் கையை எடுத்துத் தன் முகத்துல வச்சுக்கிட்டு, "சரியாயிருச்சு கனி, சரியாயிருச்சு கனி"ன்னு அதையே சொல்லிக்கிட்டு இருந்தாக. லாரியும் பஸ்ஸுமா எங்களைத் தாண்டிப் போயிக்கிட்டே இருக்கு. நானும் சேந்து அழுதேன். எனக்குக் காரணம் இருக்கு, நான் அழலாம். அவுகளுக்கு என்ன.

நீங்களே யோசிச்சுப் பாருங்க. வெறும் அல்சர் சரியாப்போச்சுங்கிறதுக்கே ஒரு மனுசன் நடுரோட்டுல வண்டிக்குள்ள உக்காந்து இந்த அழுகை அழுறாகன்னா, உண்மை தெரிஞ்சிருந்தா என்ன ஆகியிருப்பாக. அதுக்குத்தான் இவ்வளவும் சொல்றேன். அம்மாகிட்ட சொல்லாதீங்க.